வீட்டைக் குறைத்துச் சொல்லாத தெரு

1. நோட்டீஸ் வந்த திங்கட்கிழமை

கவுண்டர் ஷட்டரை நான் பாதி தூக்குவதற்குள் அடியில் ஒரு கை நுழைந்து நோட்டீஸை நீட்டியது. முகம் தெரியவில்லை. ஆனால் கை தெரிந்தது. கொழுந்து எடுத்தே விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன கை. தனலெட்சுமி அக்கா.

"இது என் வீட்டுக்கா விமலா, இல்ல பிரிஞ்சாங்ல இருக்கிற ஹோட்டலுக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு."

அக்காவுக்குப் பின்னால் இருபது முப்பது பேர் நின்றார்கள். எல்லாரும் புதுத்தாமான் குடியிருப்புக்காரர்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாக, மழையில் நனைந்துகொண்டே ஏழரை மணி பஸ்ஸில் வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் அதே நோட்டீஸ். புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாராகிவிட்டது, உங்கள் வீட்டுக்கு இனி இவ்வளவு சுக்காய் பிந்து, ஆட்சேபம் இருந்தால் இந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுக்கவும் என்று அதில் இருந்தது. வீட்டு வரி என்று தமிழில் சொல்லலாம். மலையில் எல்லாருக்கும் அது சுக்காய் பிந்துதான்.

நான் நகராட்சி மன்றத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி மதிப்பீட்டுப் பிரிவில் கழிந்தது. வீடு வீடாகப் போய் அளந்து ஃபாரம் நிரப்பி வருகிற வேலை. அந்தப் பிரிவில் இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சிலர் என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் இல்லை. நான் செய்த ஒரு தப்பையும், அதைச் சரிசெய்யப் போட்ட சண்டையையும் எழுதுகிறேன். தலைமை அலுவலகத்தில் யாருக்காவது இது பிடிக்காமல் போனால் எனக்குக் கவலை இல்லை. பென்ஷன் வர ஆரம்பித்துவிட்டது.

அக்காவின் நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். முன்பு கட்டியதைப் போல ஐந்து மடங்கு. அக்கா வாரத்தில் நான்கு நாள் கியா பார்ம் பக்கம் ஒரு பூத்தோட்டத்தில் பூங்கட்டு கட்டப் போகிறவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் குமரன், ஈப்போவில் இருக்கிறான். தானா ராத்தாவில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் அந்த வீட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வருடமாகக் குமரனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று குமரனும் அம்மாவை அரித்துக்கொண்டிருந்தான். இந்த வரி வந்தால் அவன் பேச்சுதான் எடுபடும். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எங்கயோ தப்பு நடந்திருக்கு கா. நான் ஃபைலப் பாக்கிறேன்," என்றேன்.

உள்ளே போய் ஃபைலைப் பிரித்தேன். தப்பு நடந்துதான் இருந்தது. அது என் கையெழுத்தில் இருந்தது.

2. பதினோராவது கட்டம்

அதற்கு முந்தைய வருடம் மறுமதிப்பீட்டு வேலை நடந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தைப் பிடித்திருந்தார்கள். அவர்கள் புதிதாக ஒரு ஃபாரம் அடித்துக் கொடுத்தார்கள். முதல் பத்துக் கட்டங்கள் எங்களுக்குப் பழகியவை. நீளம், அகலம், கூரை, தரை, பின்பக்கம் இழுத்துக் கட்டியது, மாடி. லேசர் மீட்டரைச் சுவரில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். பதினோராவது கட்டம் மட்டும் புதுசு. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று வீட்டுக்காரரையே கேட்டு எழுத வேண்டும்.

அது ஏன் என்றால், சட்டப்படி சுக்காய் பிந்து ஆண்டு மதிப்பைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. ஆண்டு மதிப்பு என்றால் அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன வரும் என்ற கணக்கு. நீங்கள் விடுகிறீர்களா இல்லையா என்பது பேச்சே இல்லை.

லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டக்காரர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர்கள் நில அலுவலகத்துக்கும் மன்றத்துக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள். கேள்வியை முடிப்பதற்குள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். கூரை ஒழுகுது, சுவர் ஈரம், மழை வந்தால் சேறு உள்ளே வருது, இதை யார் வாடகைக்கு எடுப்பான் என்றார்கள். நல்ல கல்லு வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னார்கள். நானும் எழுதிக்கொண்டேன்.

பிறகு புதுத்தாமானுக்கு வந்தேன். என் அப்பா அதே தோட்டத்தில் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அந்தத் தெருவில் பாதிப் பேர் என்னைப் பாவாடை கட்டிய காலத்திலிருந்து பார்த்தவர்கள். எங்கள் வீட்டுப் பெண் மன்றத்துப் பேட்ஜ் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று தெருவே வெளியே வந்து நின்றது.

முதல் வீடு தனலெட்சுமி அக்கா வீடு. அளப்பதற்கு முன்பு தேத்தண்ணி கொடுத்தார். ஓடு பதித்த குளியலறையைக் காட்டினார். சுடுதண்ணி ஹீட்டரைத் திறந்து என் கையை அதில் நனைத்துக் காட்டினார். தோட்டக் கம்பெனியின் லயத்து வீட்டில் விறகடுப்பில் வெந்நீர் காய்ச்சியே காலம் தள்ளியவர் அவர். கடைசியில் நான் பதினோராவது கட்டத்துக்கு வந்தேன். வாடகைக்கு விட்டால் எவ்வளவு கா கிடைக்கும் என்று கேட்டேன்.

"ரெண்டாயிரத்துக்கு ஒரு காசு கொறையாது. கொறச்சிக் கேட்டா கதவே தொறக்க மாட்டேன்."

நான் சிரித்துக்கொண்டே ரெண்டாயிரம் ரிங்கிட் என்று எழுதினேன்.

பக்கத்து வீட்டுச் சுவர் ஒற்றைக் கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அக்கா சொன்னது எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வீட்டில் இரண்டாயிரத்து நூறு என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் இரண்டாயிரத்து இருநூறு. தெருக்கோடியில் லாரி டிரைவர் முனியாண்டி வீடு. அவர் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக்கா வீடு நடு லாட்டு. நம்மளுது கார்னர் லாட்டு லா. எழுதும்மா, ரெண்டாயிரத்து எட்நூறு."

எழுதினேன். அன்று மத்தியானம் அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

இது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மூன்று தலைமுறை தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள். வீடு கம்பெனியுடையது, வரியும் கம்பெனி கட்டியது. மன்றம் எதற்குக் கேள்வி கேட்கிறது என்று அவர்களுக்கு அதுவரை தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை. வேலை முடிந்ததும் லயத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஈபிஎஃப் சேமிப்புப் பணத்தைப் போட்டு, இரண்டு அறை வீடு ஒன்று வாங்கினார்கள். அந்த வீட்டைப் பற்றி வெளியாள் கேட்டால் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். விளக்கேற்றுகிற வீட்டைக் குறையாகப் பேசக் கூடாது என்பது எங்கள் பழக்கம். சின்னப் பிள்ளை வீடு சின்னதா இருக்கும்மா என்று சொன்னால்கூட வாயில் போடுவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எதற்குக் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுதிக்கொண்டேன். தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தேன்.

3. என்சிக் ரஸிஃப்

எங்கள் பிரிவுத் தலைவர் என்சிக் ரஸிஃப். என்சிக் என்றால் மலாயில் திரு. என்னைவிட இருபது வயது சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலையில் முதலில் வருவார், சாயங்காலம் கடைசியில் போவார். என்னைக் காக் விமலா என்றுதான் கூப்பிடுவார், மலாயில் அது அக்கா என்பது போல. அவரிடம் ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்தத் தெருவில் ஒரு வீடுகூட வாடகைக்கு விடப்பட்டதில்லை, இதெல்லாம் பெருமைக்குச் சொன்னது, பதினோராவது கட்டத்தை எடுத்துவிட்டு மறுபடியும் கணக்குப் போட வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு தாளைக் காட்டினார். பிரிஞ்சாங்கில் ஹோம்ஸ்டே வீடுகளுக்கு வரும் வாடகை அதில் இருந்தது. புதுத்தாமான்காரர்கள் சொன்னதும் ஹோம்ஸ்டே வாடகையும் கிட்டத்தட்ட ஒத்துப்போனதால் நிறுவனத்துக்குச் சந்தேகமே வரவில்லை.

"இது நாம போட்ட எண் இல்ல காக். அவங்களே சொன்னது. நாளைக்கு ஆடிட்டர் வந்து கேட்டா, பெருமைக்குச் சொன்னாங்கன்னு நான் எழுத முடியுமா?" என்றார் மலாயில்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. வரி பல வருடமாக ஏறவே இல்லை. குப்பை லாரி ஓட வேண்டும், வடிகால் தூர் வார வேண்டும். மலைச்சரிவு நிற்க வேண்டும் என்றால் கல்சுவர் வேண்டும், கல்சுவருக்குப் பணம் வேண்டும். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. வரி ஏறட்டும். ஆனால் பொய்யான வாடகையை வைத்து ஏறக் கூடாது. அதுவும் நான் எழுதிய பொய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுத்தாமான் பாலாய் ராயாவில் பொதுக்கூட்டம், மன்ற அதிகாரிகளும் குடியிருப்பாளர்களும் நேருக்கு நேர் பேசப்போகிறோம் என்றார். நான் வர வேண்டும். ஃபாரங்களைக் கொண்டுவந்து, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் வாசிக்க வேண்டும். தமிழில் பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்க்கவும் வேண்டும்.

எந்தப் பக்கம் உட்காருவது என்று கேட்டேன். இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தார்.

4. பாலாய் ராயா

பாலாய் ராயா தெருக்கோடியில் இருக்கிற தகரக் கூரை மண்டபம். கல்யாண நலங்கு, தடுப்பூசி, தேர்தல் எல்லாம் அங்கேதான். அன்று காலை பத்து மணிக்கே நாற்காலி தீர்ந்துபோய்ப் பின்னால் நின்றார்கள். முன்னால் நீள மேசை. நடுவில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய மன்ற உறுப்பினர், வயதான மனிதர். அவருக்கு வலப்பக்கம் ரஸிஃப். கடைசி நாற்காலியில் நான், மடியில் ஃபாரக் கட்டு.

முதலில் ரஸிஃப் பேசினார். வரி ஏன் ஏறுகிறது என்று படம் போட்டுக் காட்டினார். முனியாண்டி எழுந்தார். குப்பை லாரி வாரத்துக்கு இரண்டு தடவை வர வேண்டியது ஒரு தடவைதான் வருகிறது என்றார். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் சரிவு இறங்கியபோது மன்றம் போட்ட நீலக் கேன்வாஸ் இரண்டு வருடமாக அப்படியே கிழிந்து தொங்குகிறது என்றார்.

"கேன்வாஸுக்கு எவ்ளோ சுக்காய்? அத மொதல்ல சொல்லுங்க. கல்லுச்சுவரு கட்டினப்புறம் கல்லுச்சுவரு சுக்காய் கட்டுறோம்."

கைதட்டினார்கள். மன்ற உறுப்பினர் சுவருக்கு ஒதுக்கீடு கேட்டிருக்கிறோம் என்றார். பணம் வந்தால்தான் சுவர் என்று ரஸிஃப் சொன்னார், சுவர் வந்தால்தான் பணம் என்று பின்னாலிருந்து பதில் வந்தது. அரை மணி நேரம் இதே பாட்டு. சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஒருவர், எங்கள் வீட்டுக்கு இவ்வளவு மதிப்பு என்று உங்களுக்கு யார் சொன்னது, கோலாலம்பூரில் உட்கார்ந்து எவனோ எழுதினானா என்று கேட்டார்.

ரஸிஃப் அதற்காகத்தான் காத்திருந்தார். என் பக்கம் திரும்பி முதல் ஃபாரத்தை வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். வீட்டு எண், உரிமையாளர் பெயர், தனலெட்சுமி. பதினோராவது கட்டம், இரண்டாயிரம் வெள்ளி. உரிமையாளரே சொன்னது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளால்தான் இந்த வரி நம்ம தெருவுக்கே வந்தது என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. இரண்டாயிரத்து எட்டுநூறு சொன்ன முனியாண்டி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைக் காட்டிக்கொடுத்தது நான்.

ரஸிஃப் அக்காவைக் கேலி செய்யவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். ஒரு வழி இருக்கிறது என்றார். வீடு பழுதடைந்திருக்கிறது, ஒழுகுகிறது, ஈரம் ஏறுகிறது, ஆகவே முன்பு சொன்ன வாடகைக்குப் பெறாது என்று ஆட்சேப ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே பாதியாகக் குறைக்கப் பரிந்துரை செய்கிறேன் என்றார். பேனாவையும் மூடி திறந்து நீட்டினார்.

அக்காவுக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனாலும் அன்று தமிழில்தான் பேசினார். என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவர்கிட்டச் சொல்லு விமலா. ரிட்டையர் ஆன மறுமாசமே லயத்துச் சாவியக் குடுன்னாங்க, குடுத்துட்டு வந்தேன். அந்த வீட்ட யாரும் எதுவும் சொல்லட்டும், அது கம்பெனி வீடு. இது என் வீடு. ஒழுகல. ஈரம் இல்ல. இல்லாதத எழுதி நான் கையெழுத்துப் போட மாட்டேன். சுக்காய் கட்ட வழியில்லன்னா கட்ட வழியில்லன்னு சொல்றேன். வீடு சரியில்லன்னு சொல்ல மாட்டேன்."

நான் ஒரு வார்த்தை விடாமல் மலாயில் சொன்னேன். சொல்லி முடித்தபோது உட்கார முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். இனி நான் பேசுவது மொழிபெயர்ப்பு இல்லை, கூட்டக் குறிப்பில் என் பேரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று மன்ற உறுப்பினரிடம் சொன்னேன்.

ரஸிஃப் மெதுவாக, உட்காருங்க காக் என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இந்த ஃபாரமெல்லாம் நான் எழுதினது. சுவர மீட்டர் வச்சு அளந்தேன். வாடகைய அளக்கல. இந்தத் தெருவுல இதுவரைக்கும் ஒரு வீடுகூட வாடகைக்குப் போனதில்ல. வீடு எப்படி இருக்குன்னு சொந்தக்காரப் பொண்ணு கேக்கிறான்னு நெனச்சுச் சொன்னாங்க. எதுக்குக் கேக்கிறேன்னு நான் சொல்லல. அதனால பதினோராவது கட்டத்துல இருக்கிறது வாடகை இல்ல. அத வச்சுப் போட்ட வரியும் செல்லாது. தப்பு அவங்களுது இல்ல, என்னுது."

இதை மலாயில் சொன்னேன், பிறகு தமிழிலும் சொன்னேன். தமிழில் சொல்லும்போது ரஸிஃபைப் பார்க்கவில்லை, சிரித்த பின்வரிசையைப் பார்த்துச் சொன்னேன்.

முனியாண்டி எழுந்து, நானும் சும்மா பெருமைக்குத்தான் சொன்னேன் லா, எட்நூறக்கூட எவனும் குடுக்க மாட்டான் என்றார். அதற்குப் பிறகு மண்டபத்தில் ஒவ்வொருவராக எழுந்து ஒப்புக்கொண்டார்கள். மன்ற உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதுத்தாமான் மதிப்பீட்டை நிறுத்திவைக்கிறோம், உண்மையான வாடகை ஆதாரத்தைத் தேடி மறுபடியும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

5. நாய் லைசென்ஸ்

ஒரு வாரத்தில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பொதுக்கூட்டத்தில் அலுவலகத்துக்கு எதிராகப் பேசியதற்குக் காரணம் கூறவும் என்று கேட்டிருந்தார்கள். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம் இருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். அதை மடித்து வைத்துவிட்டு நான் ஒரே வரி எழுதினேன். நான் தவறாக எழுதிய ஃபாரத்தை நானே திருத்தினேன், இது என் வேலை.

வேலையை எடுக்கவில்லை. வரவேண்டிய பதவி உயர்வை எடுத்தார்கள். மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து தூக்கி, நாய் லைசென்ஸ் கவுண்டரில் போட்டார்கள். மலையில் எத்தனை பேர் நாய்க்கு லைசென்ஸ் எடுக்க வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தால் கூட்டம். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். முதல் மாதம் கழிவறையில் போய் அழுதேன். இரண்டாம் மாதம் கோபம் வந்தது, அதன் பிறகு அழுகை வரவில்லை.

அந்த இடைவெளியில் ரஸிஃப் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். கீழ்த்தெருவில் பூத்தோட்ட வேலையாட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த அதே மாதிரி வீடுகளைத் தேடிப் பிடித்து, ஒப்பந்தங்களை வாங்கி, புதிதாகக் கணக்குப் போட்டார். புதுத்தாமான் வரி பழையதைவிடக் கொஞ்சம் ஏறியது. கட்டக்கூடிய ஏற்றம். தெரு முழுக்கச் சந்தோஷம். முனியாண்டி எனக்கு ஒரு கூடை முட்டைக்கோஸ் கொண்டுவந்து நாய் லைசென்ஸ் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துத் தனலெட்சுமி அக்கா வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. திருத்திய நோட்டீஸை என் முன்னால் வைத்து ஒரு வரியை விரலால் காட்டினார். குறைப்புக்கான காரணம் என்ற இடத்தில் இப்படி இருந்தது: கட்டடம் பழுதடைந்த நிலையில் உள்ளது.

"நான் எழுத மாட்டேன்னு சொன்னத அவங்களே எழுதிட்டாங்க. இந்த வார்த்தைய எடுக்கச் சொல்லு. எடுக்கிற வரைக்கும் ஒரு காசு கட்ட மாட்டேன்."

6. ஒரு வரி

ரஸிஃபிடம் போய்க் கேட்டேன். என்னைப் பார்த்ததும் அவருக்குத் தலைவலி வந்திருக்கும். கம்ப்யூட்டரில் காரணங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் ஐந்துதான் இருக்கின்றன என்றார். வாடகைக்கு விடப்படாத சொந்தக் குடியிருப்பு என்று எதுவும் அதில் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் நோட்டீஸ் அச்சாகாது. ஆகவே தெரு முழுக்க அதையே போட்டார்கள். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, வரிதான் குறைந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் அந்த அம்மாவுக்கு என்று கேட்டார்.

வேறு யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். முனியாண்டியிடம் கேட்டபோது, சுக்காய் கொறஞ்சா போதும், வீட்ட மாட்டுக் கொட்டாய்னு எழுதினாலும் பரவால்ல என்றார்.

அக்கா அப்படி இல்லை. கெடு தாண்டியது. நினைவூட்டல் வந்தது. அடுத்து, கட்டாவிட்டால் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய வாரண்ட் வரும் என்று எச்சரிக்கை வந்தது. குமரன் ஈப்போவிலிருந்து எனக்குப் போன் போட்டான். ஒரு வார்த்தைக்காக அம்மா வீட்டையே இழந்துடுவாங்க போல இருக்கு, நீங்களாவது சொல்லுங்க என்றான். ஹோம்ஸ்டேகாரர் மறுபடியும் பேசியிருந்தார். பழுதடைந்த வீடு என்று மன்றமே எழுதியிருக்கிறதாம், ஆகவே விலையைக் குறைத்துக் கேட்டாராம்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. அதுவரை நானும் அக்கா கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஈபிஎஃப் பணம் முழுவதையும் போட்டு வாங்கிய ஒரே சொத்து அது. அதைப் பழுது என்று அரசாங்கத் தாளில் அடித்துக் கொடுத்துவிட்டு, வரி குறைந்ததே என்று நாங்கள் சந்தோஷப்படச் சொல்கிறோம். அக்கா சரி. நான்தான் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

நாய் லைசென்ஸ் கவுண்டரில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே உட்கார்ந்து அக்கா சார்பில் கடிதம் எழுதினேன். மன்றத் தலைவருக்கு ஒன்று, மதிப்பீட்டுப் பிரிவுக்கு ஒன்று, கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய உறுப்பினருக்கு ஒன்று. பதில் வராதபோது மறுபடியும் எழுதினேன். வீட்டைப் பார்க்காமல் பழுது என்று எழுதியது யார், எந்தத் தேதியில் வந்து பார்த்தார், எந்த இடம் பழுது என்று கேட்டேன். இருபத்தைந்து வருடம் அந்த ஃபாரங்களோடு வாழ்ந்தவளுக்கு எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரியாதா? நாலாவது கடிதத்துக்கு அசைந்தார்கள். பட்டியலில் ஆறாவது காரணம் ஒன்று சேர்க்கக் கோலாலம்பூருக்கு எழுதினார்கள்.

வாரண்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது புது நோட்டீஸ் வந்தது. ரஸிஃப் அதைத் தபாலில் போடாமல் தானே எடுத்துக்கொண்டு புதுத்தாமானுக்குப் போனார். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, அந்த அம்மா என்னைத் தனியாகப் பார்த்தால் கதவைத் திறக்க மாட்டார் என்றார். நான் மறுக்கவில்லை.

அக்கா திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. வாசித்துக் காட்டுங்கள் என்று வாசலிலேயே நின்றார். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. ரஸிஃப் தொண்டையைச் சரிசெய்துகொண்டு மலாயில் வாசித்தார்: வீடு நல்ல நிலையில் உள்ளது, உரிமையாளரே குடியிருக்கிறார், வாடகைக்கு விடப்படவில்லை. தெருவுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார் அக்கா. அவர் வாசித்தார். என்னையும் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"இப்பக் கட்டுறேன்," என்றார் அக்கா. உள்ளே போய்ச் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, எங்கள் காரிலேயே மன்றத்துக்கு வந்து கட்டினார். அந்த வீட்டில் இன்றும் அவர்தான் இருக்கிறார். ஹோம்ஸ்டேகாரர் குமரனுக்குப் போன் போடுவதை நிறுத்திவிட்டார். அந்த மாதமே மற்ற வீட்டுக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து தங்கள் நோட்டீஸையும் மாற்றிக் கேட்டார்கள். வரிசையில் முதல் ஆள் முனியாண்டி.

மதிப்பீட்டுப் பிரிவில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு வீட்டுக்குள் போய்க் கேள்வி கேட்பதற்கு முன்பு, எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் வாங்கி வருகிற பதில் திருட்டுதான், ஃபாரத்தில் எவ்வளவு அழகாக எழுதினாலும். நான் ஒரு தெரு முழுக்கத் திருடினேன். திருப்பிக் கொடுக்க ஒரு வருடமும் ஒரு பதவி உயர்வும் செலவானது. மேலதிகாரி முறைப்பார், கடிதம் வரும், நாய் லைசென்ஸ் கவுண்டரில் உட்கார வைப்பார்கள். உட்காருங்கள். அங்கேயும் பேனா இருக்கும்.